இறக்கைக்குள் ஒரு பெயர்

துளை போடும்போது அம்மா மூச்சு விடமாட்டாள்.

அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுப்பாள். டிரில்லின் முனையைக் கறுப்புப் புள்ளியின் மேல் நேராக நிறுத்துவாள். கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்று, மூச்சை இழுத்துப் பிடிப்பாள். பிறகுதான் விசையை அழுத்துவாள். 'கிர்ர்ர்' என்று தொடங்கும் சத்தம், முனை தகட்டைத் தாண்டப் போகும் நொடியில் சற்றே மெலியும். வேறு யாருக்கும் அது கேட்காது. அம்மாவுக்குக் கேட்கும். உடனே கையின் அழுத்தத்தைத் தளர்த்திவிடுவாள்.

துளை, நெற்றியில் ஒட்டும் சின்னப் பொட்டைப்போல வட்டமாக இருக்கும்.

யுவராணி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா மூச்சைப் பிடிக்கும்போது அவளும் பிடிப்பாள். அம்மா விடும்போது அவளும் விடுவாள். இப்போதெல்லாம் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் அதுதான்.

அந்த இடம், வெள்ளானூரில் புதிதாக மனை பிரித்த பகுதியில், ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. உள்ளே கிருஷ்ணப்பிரியா அக்கா ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பொம்மை விமானம் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கக்கூடிய நிஜ விமானம். வரைபடம் வாங்கி, தகடு தகடாக வெட்டி, விடுமுறை நாட்களில் மட்டும் வேலை செய்து, மூன்று வருடமாகக் கட்டுகிறார். வால் முடிந்துவிட்டது. வலது இறக்கை முடிந்துவிட்டது. இடது இறக்கை நீண்ட மேசையின் மேல் கிடந்தது. அனுமதிக்காக எழுதிய கடிதங்களே ஒரு தடித்த ஃபைல் நிறைய இருந்தன.

"பிளேனு பறக்கறதுக்கு முன்னாடி இந்த ஃபைலு பறந்துரும் மேடம்" என்பார் டில்லிபாபு மாமா.

டில்லிபாபு, அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் அடிபட்ட கார்களுக்கு டிங்கர் வேலை பார்ப்பவர். துளை போட முதலில் அவரைத்தான் பிரியாக்கா அழைத்தார். மாமா கார்க் கதவைக் குத்துவதுபோல் குத்தினார். மெல்லிய தகடு டிரில்லைக் கவ்விக்கொண்டு எகிறியது. துளை மூன்று மூலையாக விழுந்தது. அந்தத் தகட்டைப் பிரியாக்கா சுவரில் மாட்டி, கீழே 'டில்லி சமோசா' என்று எழுதி ஒட்டிவைத்திருந்தார்.

அதற்குப் பிறகு மாமா ரிவெட் அடிப்பதோடு நிறுத்திக்கொண்டார். ரிவெட் என்பது தகடுகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன ஆணி.

"துளைக்கு எங்க அக்காதான் மேடம். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனில பதினோரு வருசம் டிரில் புடிச்ச கை. இப்ப ஊட்டுல சும்மா குந்திகினு கீது" என்று சொல்லி, இரண்டு மாதம் முன்பு அம்மாவை அழைத்து வந்தார்.

ஏன் சும்மா இருக்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. பிரியாக்காவும் கேட்கவில்லை.

யுவராணிக்குத் தெரியும். போன வருட மழையில் தம்பி சரணுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் இறந்துபோனான். ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அம்மா அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது யுவராணி, "உருளைக்கிழங்குன்னா சரணுக்கு உயிர், இல்லம்மா?" என்று கேட்டுவிட்டாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து வெளியே போனாள். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தவள், இருட்டும்வரை உள்ளே வரவில்லை.

"அவன் பேர எடுக்காத கண்ணு. அம்மா தாங்காது" என்றார் அப்பா மெதுவாக.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பெயர் வெட்டிய அவனுடைய எவர்சில்வர் தட்டு மேல் பலகைக்குப் போனது. பெயர் தெரியாதபடி கவிழ்ந்து கிடந்தது.

யுவராணிக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வந்தது. யாரும் நடக்காத பாதையில் புல் முளைத்து மூடிவிடுமே, அதுபோல் யாரும் சொல்லாத பெயரும் மூடிக்கொண்டுவிடுமோ? குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் வாயை மட்டும் அசைத்து அவன் பெயரைச் சொல்லிப் பார்ப்பாள். சத்தம் வெளியே வராது.

கொட்டகையில் அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. துளை போட்டதும் அதன் ஓரத்தில் முடிபோல் மெல்லிய பிசிறு நிற்கும். தடித்த டிரில் முனை ஒன்றை விரல்களால் பிடித்து, துளையில் வைத்து ஒரு சுற்று சுற்றினால் பிசிறு போய்விடும். அதிகம் சுற்றக் கூடாது.

"இத்தனை துளை போட்டா இறக்கை உடைஞ்சிடாதாக்கா?" என்று முதல்நாள் கேட்டாள்.

"ஓரம் சுத்தமா இருந்தா உடையாது" என்றார் பிரியாக்கா. "பிசிறை விட்டுட்டா, பறக்கும்போது அதிர்ந்து அதிர்ந்து அங்கேருந்துதான் விரிசல் கிளம்பும்."

அவள் கேட்க நினைத்தது வேறு ஒரு கேள்வி. சரண் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ஆவடிப் பக்கத்திலிருந்து விமானம் வரும்போதெல்லாம் அவன் வாசலுக்கு ஓடி இரண்டு கைகளையும் ஆட்டுவான். ஓட்டுகிறவர் தன்னைப் பார்க்கிறார் என்று நம்பினான். பிறகு உள்ளே வந்து, "ஏரோப்ளேனுக்கு ஹாரன் இருக்கா?" என்று எல்லோரையும் கேட்பான். "பறவை குறுக்க வந்தா என்ன பண்ணும்?"

"எனுக்கு இன்னாடா தெரியும்? பெருசானதும் நீயே கண்டுபுடி" என்பாள் அம்மா.

இப்போது பதில் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் கேட்டால், 'ஏன் கேட்கிறாய்?' என்பார். அப்போது பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா டிரில்லைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். இங்கே துளை போடும்போது மட்டும்தான் அம்மாவின் கண்கள் எதையாவது பார்க்கின்றன. அதுவும் போய்விட்டால்?

அதனால்தான் அவள் வாயால் சொல்லாமல் எழுதினாள்.

இடது இறக்கையின் முன்பக்கத்தை மூடும் தகடு, நடுவில் மடித்த காகிதத்தைப்போல் வளைந்திருக்கும். அதை 'மூக்குத் தகடு' என்பார்கள். இரண்டு வாரம் முன்பு அதைக் கழற்றிப் பிசிறு எடுத்தார்கள். மடிப்பின் ஆழத்துக்கு யுவராணியின் சின்னக் கை மட்டும்தான் போகும். உள்ளே துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்காத நேரத்தில், வீட்டுப்பாடம் எழுதக் கொண்டுவந்திருந்த பென்சிலை எடுத்து, இருட்டான அந்த மடிப்பில் 'சரண்' என்று எழுதினாள்.

பேனாவால் எழுதத் துணிச்சல் வரவில்லை. பென்சில் என்றால் லேசாகத்தானே இருக்கும்?

எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் இலகுவானது. அவன் பறப்பான். யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு வலிக்காது. மூக்குத் தகட்டை மறுபடி இறக்கையில் வைத்து, துளைகளில் ஸ்பிரிங் பின்களைச் செருகித் தற்காலிகமாகப் பொருத்தினார்கள்.

ஆயுத பூஜை வந்தது. காலாண்டு விடுமுறை. வானம் மூன்று நாளாக மூடிக்கிடந்தது. கொட்டகையில் டிரில், சுத்தியல், இடுக்கி எல்லாம் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அம்மா டிரில்லுக்கு மட்டும் தனியாகப் பூ வைத்தாள். டில்லிபாபு மாமா சந்தனக் கிண்ணத்தோடு இறக்கையை நோக்கி நடந்தார்.

"டில்லி அண்ணா! இறக்கையில ஒண்ணும் பூசாதீங்க!" என்றார் பிரியாக்கா.

"இன்னா மேடம், சாமி விசயம். லைட்டா ஒரு பொட்டு."

"சாமிக்கு இல்ல, ஈரத்துக்குத்தான் பயப்படறேன். மேசைக்கு வைங்க."

மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேசையின் நான்கு கால்களுக்கும் பொட்டு வைத்தார். ஐந்தாவதாகத் தன் நெற்றியிலும் வைத்துக்கொண்டார். "நானும் இங்க ஒரு டூல்ஸ்தானே?"

பிரியாக்கா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரம் சற்றே அசைந்தது. யுவராணி அதைப் பார்த்துவிட்டாள்.

அடுத்து மாமா, மறுநாள் எந்த இடத்திலிருந்து ரிவெட் அடிக்கலாம் என்று குறித்துவைக்க, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இறக்கைமேல் குனிந்தார்.

"பென்சிலா? ஐயோ, எடுங்க கையை!"

பிரியாக்கா இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. மாமா பென்சிலைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினார்.

பிரியாக்கா மூலையிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை எடுத்து வந்தார். "மூணு வருஷம் முன்னாடி தெரியாம இதுல பென்சிலால கோடு போட்டேன். போன மழை முழுக்க வெளியில ஈரத்துல கிடந்தது. தொட்டுப் பாருங்க."

கோடு இருந்த இடத்தில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைத் தூள் இருந்தது. யுவராணி நகத்தால் தொட்டாள். தூள் உதிர்ந்தது. அடியில் தகடு சின்னச் சின்னக் குழிகளாக அரித்துப் போயிருந்தது. நகம் அதில் இடறியது.

"பென்சில் கரியும் ஈரமும் சேர்ந்தா, அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். அதனாலதான் இங்கே மார்க்கர் மட்டும். சுசீலாக்காவுக்கு இது தெரியும்."

அம்மா தலையசைத்தாள்.

"சரி, நாளைக்கு விஜயதசமி. காலையில பத்து மணிக்கு மூக்குத் தகட்டை ரிவெட் அடிச்சு மூடிடலாம். அப்புறம் அதைத் திறக்கற வேலையே இல்லை" என்றார் பிரியாக்கா.

மாமா எல்லோருக்கும் பொரியும் கடலையும் கொடுத்தார். யுவராணியின் கையில் இருந்த பொரி அப்படியே இருந்தது. நகத்துக்கடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பாவாடையில் எத்தனை முறை துடைத்தும் அது போனமாதிரித் தெரியவில்லை.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. அப்பா தண்ணீர் லாரி ஓட்டப் போயிருந்தார். அம்மா அரிசி களைந்தாள். யுவராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அதைப் பார்த்தபடி யோசித்தாள்.

'சொல்லிவிடலாம். சொன்னால், என்ன எழுதினாய் என்று கேட்பார்கள்.'

'வேறு ஏதாவது எழுதினேன் என்று சொல்லலாம். ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.'

'சொல்லாமலே இருந்தால்?'

நகத்தைப் பாவாடையில் மறுபடி தேய்த்தாள்.

மறுநாள் காலை அவள் அம்மாவுக்கு முன்பே கிளம்பினாள். பாவாடைப் பையில் ஒரு ரப்பர் இருந்தது. கொட்டகை திறந்திருந்தது. பிரியாக்கா வீட்டுக்குள் டீ போட்டுக்கொண்டிருந்தார். இறக்கைக்குள் விலா எலும்புகள்போல் வரிசையாகச் சட்டங்கள் இருந்தன. எடையைக் குறைக்க ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு பெரிய வட்டத் துளை இருக்கும். கடைசிச் சட்டத்தின் துளை வழியே கையை விட்டாள். முழங்கை போனது. தோள்வரை போனது. விரலை நீட்டினாள். எழுதிய இடம் மூன்று சட்டம் தள்ளி இருந்தது. ரப்பர் வெறும் காற்றைத்தான் தேய்த்தது.

கையை வெளியே இழுத்தாள். வரவில்லை. வளையல் எங்கோ மாட்டிக்கொண்டது.

"இன்னாடி பண்றே?"

அம்மா. பின்னால் குடையை மடக்கியபடி மாமா.

"பி... பிசிறு இருக்கான்னு பாத்தேம்மா."

"பாத்தியாக்கா பொறுப்ப! நம்ப ஊட்டுல ஒரு என்ஜினியர் கீது" என்றார் மாமா.

அம்மா குனிந்தாள். தன் கையைத் துளைக்குள் விட்டு, யுவராணியின் மணிக்கட்டைப் பிடித்து, வளையலை மெதுவாகத் திருப்பி விடுவித்தாள். கை வெளியே வந்த பிறகும் அதை விடவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"கிழிச்சிகினா இன்னா பண்ணுவே? வலது கை வேற."

பல மாதங்களில் அம்மா அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. அம்மாவின் உள்ளங்கை சூடாக இருந்தது. யுவராணிக்கு அழுகை வந்தது. இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால் இந்தக் கை மறுபடி போய்விடும்.

பத்து மணி ஆனது. பிரியாக்கா கற்பூரம் காட்டினார். மாமா ரிவெட் அடிக்கும் கருவியை எடுத்தார். அம்மா ஒரு ஸ்பிரிங் பின்னைக் கழற்றி, துளையில் ரிவெட்டை வைத்தாள். மாமா பிடியை அழுத்தினார்.

'டக்.'

ஒன்று.

'இன்னும் நிறைய இருக்கிறது. நேரம் இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டாள் யுவராணி.

'டக்.' இரண்டு. 'டக்.' மூன்று.

நான்கு. ஐந்து.

பிரியாக்கா ஒருநாள் இந்த இறக்கையோடு மேலே போவார். கீழே ஏரிகள் தெரியும். மழை பெய்யும். மழை நின்றபின் இறக்கைக்குள் ஈரம் தங்கும். அந்த இருட்டில் நான்கு எழுத்துகூட இல்லாத ஒரு சின்னப் பெயர், வெள்ளையாகப் பூத்து, தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஆறு.

விமானத்தைப் பார்த்தால் இரண்டு கையையும் ஆட்டுகிறவன் அவன். அவன் பெயரா விமானத்தைத் தின்பது?

'டக்.' ஏழு.

"நிறுத்துங்க மாமா!"

மூவரும் திரும்பினார்கள்.

"உள்ள... மடிப்புல... நான் பென்சில்ல எழுதிட்டேன்."

பிரியாக்காவின் முகம் சிவந்தது. "ஏன் யுவா? நேத்தே சொல்லியிருக்கலாமே? ஏழு ரிவெட் அடிச்சாச்சு!"

"தெரியும்கா. தப்புதான்கா."

"எவ்வளவு எழுதினே? என்ன எழுதினே?"

யுவராணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையில் எட்டாவது ரிவெட்டோடு நின்றாள். குளிக்கும்போது சொல்வதுபோல் யுவராணியின் வாய் மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு விட்டாள்.

"சரண்னு எழுதினேன். என் தம்பி பேரு. இறந்துட்டான்கா. ஊட்டுல யாரும் அவன் பேர சொல்றதில்ல. அதான் இங்க எழுதினேன்."

மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார்.

அம்மா ரிவெட்டைத் தட்டில் வைத்தாள். அது சின்னதாகச் சத்தம் போட்டது. அன்று கரண்டியை வைத்தது போலவே. 'போகப் போகிறாள்' என்று நினைத்தாள் யுவராணி. வாசலைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

காலடிச் சத்தம் கேட்டது. அது வாசலுக்குப் போகவில்லை. சுவர்ப் பலகைக்குப் போய்த் திரும்பியது.

அம்மா டிரில்லை எடுத்து வந்திருந்தாள்.

"ஏழு ரிவெட்டையும் குடைஞ்சு எடுத்துரலாம் மேடம்."

"சுசீலாக்கா..." பிரியாக்காவின் குரல் இறங்கியிருந்தது. "இப்ப வேணாம். நாளைக்குப் பண்ணலாம். முனை கொஞ்சம் நழுவினாலும் துளை கோணலாயிடும். தகடே வீணாயிடும். உங்க கை..."

அம்மா டிரில்லை இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்தாள்.

"இப்பவே" என்றாள் அம்மா.

ரிவெட்டின் தலை, மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் நட்டநடுவில் முனையை வைக்க வேண்டும். அம்மா முதல் ரிவெட்டின் மேல் டிரில்லை நிறுத்தினாள். முனை வழுக்கியது. எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது.

யுவராணி ஸ்டூலிலிருந்து எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய், ஒட்டி நின்றாள். தொடவில்லை. சத்தம் கேட்கும்படி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு அவளும் மூச்சைப் பிடித்தாள்.

'கிர்ர்ர்...' சத்தம் மெலிந்தது. கை தளர்ந்தது. ரிவெட்டின் தலை வளையம்போல் கழன்று முனையில் சுற்றியது.

"ஒண்ணு" என்றார் மாமா, மூக்கடைத்த குரலில்.

இரண்டு. மூன்று. நான்காவதுக்கு முன் அம்மா கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொள்ள நிறுத்தினாள். ஐந்து. ஆறு. ஏழு. பிரியாக்கா பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். ஏழும் வட்டமாகவே இருந்தன.

"டில்லி அண்ணா, உங்களுக்கு ஒரு சமோசாகூட இல்ல" என்றார்.

பின்களைக் கழற்றினார்கள். மூக்குத் தகட்டை எடுத்து மேசையில் வைத்தார்கள். அம்மா டார்ச்சை வாங்கி மடிப்புக்குள் அடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ச... ர... ண்" என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு சேர்த்து, "சரண்" என்றாள்.

டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தாள்.

"கையெழுத்து இன்னாடி இப்டி கீது? கடசி எழுத்து வாலை ஆட்டிகினு போவுது."

"இருட்டும்மா. கைய வளைச்சு எழுதினேன்" என்றாள் யுவராணி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் விக்கலே வந்துவிட்டது.

பிரியாக்கா ஸ்பிரிட்டில் நனைத்த துணியைக் கொடுத்தார். யுவராணி மடிப்புக்குள் கையை விட்டாள். அம்மா டார்ச் பிடித்தாள். முதலில் 'ண்' போனது. பிறகு 'ர'. 'ச'வில் துணி நின்றது. யுவராணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மெதுவாகத் தலையசைத்தாள். அதுவும் போனது. பிரியாக்கா காய்ந்த துணியால் மறுபடி துடைக்கச் சொன்னார். நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். தகடு வழவழப்பாக இருந்தது.

"ரெண்டே வாரம்தான், அரிக்கல. தப்பிச்சோம்" என்ற பிரியாக்கா, சட்டைப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து நீட்டினார். "இதால எழுது. இது ஒண்ணும் பண்ணாது."

யுவராணி அதை வாங்கி, அம்மாவிடம் கொடுத்தாள். "நீ எழுதும்மா."

அம்மா மார்க்கரைப் பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். "என் கை அவ்ளோ உள்ள போவாதே." பிரியாக்காவிடம் திரும்பிக் கேட்டாள்: "மேடம், உள்ள வேணாம். ஆளு கண்ணுல படற எடம் எதுனா கீதா?"

பிரியாக்கா இறக்கையின் அடிப்பக்கத்துச் சட்டத்தைக் காட்டினார். "இது பிளேனோட உடம்போட சேர்ற இடம். இதுக்கு ஒரு சின்ன மூடி வெப்போம். ஒவ்வொரு தடவை கிளம்பறதுக்கு முன்னாடியும் அதைத் திறந்து, டார்ச் அடிச்சுப் பார்க்கணும்."

"அப்ப ஒவ்வொரு தபாவும் யாராச்சும் படிப்பாங்க" என்றார் மாமா.

அம்மா குனிந்தாள். கால்களை அகட்டி நின்றாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். பெரிய வட்டத் துளைக்கு மேலே, நேராக, ஒரு எழுத்தும் வாலை ஆட்டாமல் எழுதினாள்.

மூக்குத் தகட்டை மறுபடி பொருத்தி, ரிவெட் அடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. மழை தூறலாகக் குறைந்திருந்தது. அம்மாவும் யுவராணியும் ஒரே குடையில் நடந்தார்கள். காலி மனைகளில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. எல்லைக்காக நட்ட கற்கள் அதில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

தெருமுனை வந்தபோது, மேகத்துக்கு மேல் எங்கோ ஒரு விமானம் போகும் சத்தம் கேட்டது. இருவரும் நின்றார்கள். ஒன்றும் தெரியவில்லை.

"யுவா."

"என்னம்மா?"

"சரண் கேட்டுகினே இருப்பானே, ஏரோப்ளேனுக்கு ஹாரன் கீதான்னு. மேடத்தாண்ட நீ கேட்டியா?"

"இல்லம்மா. நாளைக்குக் கேக்கறேன்."

அம்மா திரும்பி, கொட்டகை இருந்த பக்கம் பார்த்தாள்.

"நாளைக்கு எதுக்கு?" என்று சொல்லி, குடையோடு அவளையும் வந்த வழியே திருப்பினாள்.